தொப்பி மாறிய இரவு

1986 ஜனவரி 27, திங்கட்கிழமை. இரவு எட்டே முக்கால் மணிக்கு மார்ட்டன் தயோகால் என்ற நிறுவனம் தன் மிகப் பெரிய வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கியது: நாளைக் காலை ராக்கெட்டை அனுப்பாதீர்கள். பதினோரு மணிவாக்கில் அதே நிறுவனம் அதே வாடிக்கையாளரிடம் சொன்னது: அனுப்பலாம். நடுவில் புதிய தகவல் எதுவும் வரவில்லை. குளிர் குறையவில்லை. யாரும் எந்தச் சோதனையும் செய்து பார்க்கவில்லை. முதலில் மேசைமேல் இருந்த காகிதங்கள்தான் கடைசியிலும் இருந்தன.

மறுநாள் காலை 11.38க்குக் கிளம்பிய சேலஞ்சர் விண்ணோடம் 73 நொடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

சேலஞ்சர் கதை எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். குளிரில் ரப்பர் வளையம் விறைத்தது, சூடான வாயு கசிந்தது, எல்லாம் முடிந்தது. வானத்தில் இரண்டாகப் பிரிந்துபோகும் அந்த வெண்புகையை யூட்யூபில் பார்த்திருப்பீர்கள். ஆனால் விசாரணைக் கமிஷன் முன்னால் சொல்லப்பட்ட சாட்சியங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது ராக்கெட் கதையாகவே தோன்றுவதில்லை. ஒரு சப்ளையர், ஒரு கஸ்டமர், ஒரு கான்ஃபரன்ஸ் கால். அவ்வளவுதான். நம்மில் பலர் வாரத்துக்கு மூன்று தடவை உட்கார்ந்து எழுந்து வரும் கூட்டம்தான் அது. அந்த இரண்டு மணிச் சொச்ச நேரத்தில் எது மாறியது என்பதுதான் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் கேள்வி.

முதலில் அந்த வளையம். தயோகால் நிறுவனம் யூட்டா மாநிலத்தில் விண்ணோடத்துக்கான பூஸ்டர்களைச் செய்துகொண்டிருந்தது. ஒரு பூஸ்டர் சுமார் 45 மீட்டர் உயரம். அதை முழுசாக ரயிலில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோக முடியாது. துண்டு துண்டாக அனுப்பி அங்கே பூட்டுவார்கள். பூட்டிய இடத்தில் உள்நெருப்பு வெளியே வராமல் தடுக்க, ஒன்றுக்கு இரண்டாக ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்பார்கள். பருமன் ஒரு பென்சில் அளவு, சுற்றளவு 11 மீட்டருக்கு மேல். நம் வீட்டுக் குக்கரில் கேஸ்கட் செய்கிற அதே வேலை. விறைத்துப்போன கேஸ்கட்டைப் போட்டுவிட்டு, ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போவதைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பூஸ்டர்கள் பாராசூட்டில் கடலில் இறங்கும். மீட்டுவந்து பிரித்துப் பார்ப்பார்கள். 1985 ஜனவரிப் பயணத்தின் பூஸ்டர்களைப் பிரித்தபோது, இரண்டு வளையங்களுக்கு நடுவிலிருந்த கிரீஸ் கன்னங்கரேல் என்றிருந்தது. முதல் வளையத்தைத் தாண்டி வாயு வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பயணத்தில் மூட்டின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் சுமார் 12 டிகிரி செல்சியஸ். (இனி செல்சியஸிலேயே சொல்கிறேன்.) அதுவரை பறந்தவற்றில் அதுதான் மிகக் குளிரானது. அந்தக் கறுப்பை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் தயோகாலின் என்ஜினியர் ரோஜர் போஜலே. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று அவர் ஒரு அலுவலகக் குறிப்பு எழுதினார். இந்த மூட்டை உடனே கவனிக்காவிட்டால் பேரழிவு வரும், உயிர்கள் போகும் என்று பூசி மெழுகாமல் எழுதினார். குறிப்பு போனது நிறுவனத்தின் என்ஜினியரிங் துணைத்தலைவர் பாப் லண்டுக்கு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் வியாபாரம். பூஸ்டருக்கு நாஸா நம்பியிருந்த ஒரே சப்ளையர் தயோகால். அந்த மாதங்களில், இரண்டாவதாக ஒரு சப்ளையரையும் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு நாஸாவில் ஓடிக்கொண்டிருந்தது. அது தயோகாலுக்கும் தெரியும். ஒரே பெரிய கஸ்டமரை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் காதில் கஸ்டமரின் சலிப்புக்கூட மிரட்டலாக விழும்.

சேலஞ்சர் பயணம் ஏற்கெனவே பல தடவை தள்ளிப்போயிருந்தது. அன்றைக்கு, அதாவது 27ஆம் தேதி காலையில்கூட, கதவுக் கைப்பிடியில் ஒரு போல்ட் கழன்று வராமல் மல்லுக்கட்டி, அது சரியாவதற்குள் காற்று வலுத்து ரத்தானது. மறுநாளுக்கான முன்னறிவிப்பு: இரவில் மைனஸ் 8 வரை போகலாம், கிளம்பும் நேரத்தில் மைனஸ் 3. ஃப்ளோரிடாவுக்கு இது ஊர் காணாத குளிர். தயோகால் என்ஜினியர்கள் அவசரமாகக் கூடி, சில பக்கங்களைக் கையாலேயே எழுதி, 13 தாள்களை ஃபேக்ஸ் செய்தார்கள். இரவு எட்டே முக்காலுக்கு யூட்டா, அலபாமாவிலிருந்த நாஸாவின் மார்ஷல் மையம், ஃப்ளோரிடாவின் ஏவுதளம் மூன்றும் தொலைபேசியில் இணைந்தன. கடைசித் தாளை வாசித்தவர் லண்ட். 12 டிகிரிக்குக் கீழே அனுப்ப வேண்டாம் என்பது பரிந்துரை.

மார்ஷலில் பூஸ்டர் திட்டத்தின் பொறுப்பாளர் லாரி முல்லாய். அவரை வில்லனாக்குவது சுலபம். சினிமாவும் ஆவணப்படங்களும் அதைச் செய்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எழுப்பிய முதல் கேள்வி நல்ல கேள்வி. 1985 அக்டோபரில் 24 டிகிரி வெப்பத்தில் பறந்த பயணத்திலும் வாயு கசிந்திருக்கிறதே, குளிர்தான் காரணம் என்றால் அது ஏன்? போஜலேயிடம் பதில் இருந்தது. அக்டோபரில் வெறும் சாம்பல் நிறம், ஜனவரியில் கரிக் கறுப்பு. குளிர் எவ்வளவு கூடுகிறதோ கசிவும் அவ்வளவு மோசமாகிறது. சரி, எவ்வளவு மோசம், எண்ணாகச் சொல்லுங்கள் என்றார்கள். அவரால் சொல்ல முடியவில்லை. எண்ணாகச் சொல்ல முடியாது, ஆனால் நல்லதை விட்டு விலகிப் போகிறோம் என்று தெரியும் என்கிற பொருளில் பதில் சொன்னார். இதைப் படிக்கும்போது எனக்கு உள்ளே ஏதோ செய்யும். ஒரு துறையில் ஊறியவனின் அறிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கூட்டங்களில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

பிறகு இரண்டு வாக்கியங்கள் வந்தன. மார்ஷலின் ஜார்ஜ் ஹார்டி, இந்தப் பரிந்துரையைக் கேட்டுத் திகைத்துப்போனேன் என்றார். கூடவே, நிறுவனம் வேண்டாம் என்றால் அதை மீறி அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னார். முல்லாய் கேட்டது இன்னும் பிரபலம்: அடக் கடவுளே, நான் எப்போது அனுப்பணும்னு சொல்றீங்க, அடுத்த ஏப்ரலிலா? ஏவுவதற்கு முந்தின ராத்திரி வந்து புது விதி போடுகிறீர்களே என்பது அவருடைய வாதம்.

கவனியுங்கள். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் காண்ட்ராக்ட் பற்றி மிரட்டவில்லை. வெள்ளை மாளிகையிலிருந்து அழுத்தம் வந்தது என்று அப்போது ஒரு வதந்தி ஓடியது, அதற்கு ஆதாரமில்லை என்று கமிஷன் பின்னால் சொல்லிவிட்டது. நடந்தது வேறு. கேள்வி தலைகீழானது. வழக்கமாக இத்தகைய கூட்டங்களில், அனுப்பலாம் என்கிற நிறுவனம்தான் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நாஸாக்காரர்கள் குடைந்து எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு, அனுப்ப வேண்டாம் என்றவர்கள்தான் அது கட்டாயம் தோற்கும் என்று காட்ட வேண்டியிருந்தது. கமிஷன் முன்னால் போஜலே இதையேதான் சொன்னார். வியப்பு என்னவென்றால், லண்டும் அதையே சொன்னார். அது வேலை செய்யாது என்று அவர்களுக்கு நிரூபிக்கும் மனநிலைக்குள் நாங்கள் போய்விட்டோம், நிரூபிக்க முடியவில்லை என்று.

இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். மைனஸ் 3 டிகிரியில் இந்த வளையம் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா? இல்லை. அப்படியானால் அனுப்பாதே. மைனஸ் 3 டிகிரியில் இந்த வளையம் பிடிக்காது என்பதற்கு ஆதாரம் உண்டா? அதுவும் இல்லை. அப்படியானால் அனுப்பு. அறியாமை இரண்டிலும் ஒரே அளவுதான். கேள்வியை வைத்தவர் தீர்ப்பையும் வைத்துவிட்டார்.

இதை ஆய்வாகச் செய்து காட்டியவர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும். சேலஞ்சருக்கு ஐந்து வருடம் முன்பு, 1981இல், ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 600 பேரைக் கொல்லக்கூடிய நோய் வருகிறது. முதல் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இரண்டாவதில் எல்லோரும் பிழைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒருவரும் பிழைக்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு. கேட்கப்பட்டவர்களில் 72 சதவீதம் முதல் திட்டத்தை எடுத்தார்கள். அதே கணக்கை ‘400 பேர் சாவார்கள்’ என்று மாற்றி இன்னொரு குழுவிடம் வைத்தபோது, அந்தத் திட்டத்தை எடுத்தவர்கள் 22 சதவீதம். பல வகுப்பறைகளில் சொல்லப்பட்டுத் தேய்ந்துபோன உதாரணம்தான். ஆனால் அந்த ஆய்வில் யாரும் யாருக்கும் சப்ளையர் இல்லை, பதில் சொன்னவர்களுக்குச் சம்பளமோ பதவியோ பணயமில்லை. அப்படியும் சட்டம் மாறினால் படம் மாறிவிடுகிறது. யூட்டாவின் அந்த அறையில் இருந்தவர்களுக்கு எல்லாமே பணயம்.

நம் ஊர் அலுவலகங்களில் இதற்கு ஒரு வசனம் உண்டு. “முடியாதுன்னு சொல்லாதீங்க, எப்படி முடிக்கலாம்னு சொல்லுங்க.” எத்தனை மீட்டிங்கில் கேட்டிருக்கிறேன்! கேட்க எவ்வளவு உற்சாகமாக இருக்கிறது. சொல்கிறவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ‘வேண்டாம்’ என்கிற பதில் அந்த அறையில் செல்லாத நோட்டு. அதை எடுத்து நீட்டுகிறவர் சோம்பேறி, அல்லது கோழை.

யூட்டாவுக்குத் திரும்புவோம். தயோகால் தரப்பில் ஜோ கில்மின்ஸ்டர், ஐந்து நிமிடம் கொடுங்கள், நாங்கள் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று கேட்டார். தொலைபேசியை மியூட்டில் போட்டார்கள். ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது.

அந்த அரை மணி நேரத்துக்கு ஒலிப்பதிவு இல்லை. உள்ளே இருந்தவர்களின் சாட்சியம்தான் இருக்கிறது. அங்கே மூத்தவர் ஜெரால்ட் மேஸன். நாம் ஒரு நிர்வாக முடிவு எடுத்தாக வேண்டும் என்று ஆரம்பித்தார். என்ஜினியர் ஆர்னி தாம்ஸன் தன் இடத்திலிருந்து எழுந்து நிர்வாகிகள் பக்கம் போய், ஒரு தாளை வைத்து மூட்டின் படத்தை வரைந்து விளக்கப் பார்த்தார். ஒருவரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். போஜலே புகைப்படங்களை எடுத்துக்கொண்டு போனார். சாம்பல், கறுப்பு, பாருங்கள் என்றார். யாரும் பார்க்க விரும்பவில்லை. அவரும் போய் உட்கார்ந்துவிட்டார்.

நிர்வாகிகள் நான்கு பேர். மூன்று பேர் ‘அனுப்பலாம்’ பக்கம் வந்துவிட்டார்கள். மிச்சம் லண்ட். ஆறு மாதம் முன்பு அந்தக் குறிப்பைப் பெற்றவர், அன்றிரவு ‘வேண்டாம்’ என்று வாசித்தவர். மேஸன் அவர் பக்கம் திரும்பிச் சொன்னார்: “என்ஜினியர் தொப்பியைக் கழட்டி வையுங்க, நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கோங்க.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் பொய் இல்லை. லண்ட் உண்மையிலேயே நிர்வாகிதான். மேஸன் அவரிடம் கருத்தை மாற்றிக்கொள் என்று கேட்கவே இல்லை. வளையம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. நீ யாராக இருந்துகொண்டு இதைப் பார்க்கிறாய் என்பதை மட்டும் மாற்றச் சொன்னார். என்ஜினியராக இருந்தால் அது ரப்பரைப் பற்றிய கேள்வி. நிர்வாகியாக இருந்தால் அது வாடிக்கையாளரைப் பற்றிய, கால அட்டவணையைப் பற்றிய, நிறுவனத்தின் பேரைப் பற்றிய கேள்வி. ரப்பருக்கு எந்தத் தொப்பியும் தெரியாது என்பதைச் சொல்ல அந்த நிமிடத்தில் ஆளில்லை. லண்ட் தொப்பியை மாற்றிக்கொண்டார். என்ஜினியர்களிடம் வாக்குக் கேட்கப்படவே இல்லை.

மியூட் எடுத்தார்கள். கில்மின்ஸ்டர் புதிய பரிந்துரையை வாசித்தார். தரவுகளிலிருந்து திட்டவட்டமாக எதுவும் சொல்ல முடியவில்லை, முதல் வளையம் பிடிக்காவிட்டால் இரண்டாவது பிடிக்கும், அனுப்பலாம். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மறுமுனையில் கேட்டார்கள். மூன்று ஊரிலும் அமைதி. அரை மணி நேரம் உள்ளே என்ன நடந்தது என்று மார்ஷலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காதுக்கு அந்த அமைதி ஒப்புதல். எழுத்தில் கையெழுத்துடன் வேண்டும் என்றார்கள். ஃப்ளோரிடாவில் இருந்த தயோகாலின் மூத்த பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார். நாளைக்கு ஏதாவது ஆனால் விசாரணைக் குழு முன்னால் நின்று விளக்கும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை என்றார். கில்மின்ஸ்டர் யூட்டாவிலிருந்து கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பினார்.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். வரைபடங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எட்வர்ட் டஃப்டே 1997இல் ஒரு புத்தகத்தில், தவறு அந்த 13 தாள்களில்தான் என்று வாதிட்டார். அதுவரை பறந்த 24 பயணங்களையும் வெப்பநிலை வரிசையில் ஒரே படத்தில் போட்டிருந்தால் யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. இதில் விஷயம் இருக்கிறது. சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டும் பார்த்தால் குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியாது. 12 டிகிரியிலும் சேதம், 24 டிகிரியிலும் சேதம். சேதமில்லாத பயணங்களையும் சேர்த்தால் கதை மாறிவிடுகிறது. கமிஷன் அறிக்கை போட்ட கணக்கு இது: சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தபோது பறந்தவை 20, சேதம் 3. சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தபோது பறந்தவை 4, சேதம் நான்கிலும். எதை உள்ளே சேர்க்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பதும் கேள்வியைச் சட்டமிடும் வேலைதான்.

ஆனாலும் டஃப்டே சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை. 2002இல் போஜலே, வேறு சிலருடன் சேர்ந்து எழுதிய மறுப்புக் கட்டுரை, அவர் என்ஜினியர்களின் வாதத்தையே தவறாகப் புரிந்துகொண்டார் என்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த 13 தாள்களை எட்டே முக்கால் மணிக்குப் பார்த்த லண்டுக்கு அவை போதுமானவையாக இருந்தன. அவற்றை வைத்துத்தான் ‘வேண்டாம்’ என்றார். அவை போதாமல் போனது, நிரூபிக்கும் சுமை கைமாறிய பிறகு. அழகான வரைபடம் ஒன்று இருந்திருந்தாலும், அதில் மைனஸ் 3 டிகிரிக்கு நேராக எந்தப் புள்ளியும் இருந்திருக்காது. அந்தக் குளிரில் யாரும் பறந்ததே இல்லை. “அங்கே தரவு இல்லையே?” என்று கேட்க ஒருவர் போதும்.

சமூகவியலாளர் டயேன் வான் இந்த முடிவைப் பற்றி 1996இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அவர் சொல்வது, சட்டம் அன்றிரவு மாட்டப்பட்டது அல்ல, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மாட்டப்பட்டது என்று. முதல் தடவை வளையம் கருகியபோது அது அதிர்ச்சி. கருகியும் பத்திரமாகத் திரும்பி வந்தது. அடுத்த தடவை கருகியபோது, போன தடவையும் இப்படித்தான். அதற்கடுத்து, ‘ஏற்கத்தக்க அபாயம்’ என்று ஒரு பேர். பேர் வைத்த பிறகு அது கோப்பில் ஒரு வரி. கமிஷனில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், விண்ணோடம் அழிவதற்கு என்ன வாய்ப்பு என்று கேட்டபோது என்ஜினியர்கள் நூற்றில் ஒன்று என்கிற அளவிலும், நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றும் சொன்னதைத் தன் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறார். ஒரே இயந்திரம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். தொப்பிகள் 27ஆம் தேதிக்கு ரொம்ப முன்னாலேயே தனித்தனியாகத் தைக்கப்பட்டிருந்தன.

காலையில் யூட்டாவில் போஜலே ஏவுதலைப் பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தார். சக என்ஜினியர் பாப் எபலிங் அவரைக் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனார். தீப்பிடித்த முதல் நொடியிலேயே மூட்டு வெடிக்கும் என்பது அவர்கள் பயம். ராக்கெட் கோபுரத்தைத் தாண்டியது. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்கள். ஒரு நிமிடம் ஆனபோது, இப்போதுதான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்தேன் என்றார் எபலிங். பதின்மூன்று நொடி கழித்து அறையில் எல்லோரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். எபலிங் தன்னால் அதைத் தடுக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வுடன் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 2016இல் இறந்தார். போஜலே சாட்சி சொன்னபின் நிறுவனத்துக்குள் ஒதுக்கப்பட்டு வேலையை விட்டார்.

பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் மனம் கோணாமல் இருக்க, தன் என்ஜினியர்களின் கருத்துக்கு எதிராகத் தயோகால் நிர்வாகம் நிலையை மாற்றிக்கொண்டது என்று கமிஷன் 1986 ஜூனில் எழுதியது. அடுத்த ஆண்டு பணக் கணக்கு முடிக்கப்பட்டது. தயோகால் தனக்கு வர வேண்டிய ஊக்கத்தொகையில் 10 மில்லியன் டாலர் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தது. பதிலுக்கு, சட்டப்படி பொறுப்பேற்றதாக எங்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆக, அது அபராதம் அல்ல. விட்டுக்கொடுத்த லாபம்.

மூட்டைத் திருத்தி வடிவமைக்கும் வேலை கையெழுத்திட மறுத்த மெக்டொனால்டிடம் வந்தது. 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி கிளம்பியபோது, பூஸ்டரின் அந்த மூட்டுகளில் மூன்றாவதாக ஒரு வளையம் இருந்தது. கூடவே, வளையங்கள் குளிர்ந்துவிடாமல் இருக்க ஹீட்டரும்.